மிஷினக்கா

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தால் பிள்ளைகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்வது யார் காதிலும் விழவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் நெல் அரைக்கிற மிஷினுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான் இருந்தது. காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் வரைக்கும் எஞ்சின் டுக் டுக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

திருவாரூருக்குத் தெற்கே ஓர் ஊர். ஓராசிரியர் பள்ளி. தெற்குத் தெருவில், வயல் வேலைக்குப் போகிறவர்களின் குடிசைகளை ஒட்டி இருந்தது. நான் கும்பகோணத்துக்காரி. கோபம் வந்தால் அடக்கத் தெரியாத வயது. ஒரு நாள் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

கீற்றுக் கொட்டகை. உள்ளே தூசி மண்டலம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் நெல்லைக் கொட்டிக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் தவிடு.

"இங்கே முதலாளி யாருங்க?" என்று கத்தினேன்.

"முதலாளியெல்லாம் யாரும் இல்லீங்க. நான்தான்" என்றார்.

என் புகாரைப் பாதியிலேயே நிறுத்தி, "சத்தம் உங்களுக்கு எஞ்சின்லேருந்து வருதா, புகை போற கொழாயிலேருந்து வருதா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எஞ்சினை ஓடவிட்டுவிட்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். மறுநாள் புகைக்குழாய் மண்ணுக்குள் போயிருந்தது. ஒரு குழி வெட்டி, கருங்கல் ஜல்லியைப் போட்டு, அதன் அடியில் குழாயை இறக்கியிருந்தார்கள். சத்தம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

"இப்போ பரவாயில்லீங்களா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். நான் நன்றி சொல்வதற்குள், "ஆமா டீச்சரம்மா, நீங்க அரிசி எங்கே வாங்குறீங்க? நெல்லா வாங்கிக் குடுங்க, பதமா அரைச்சுத் தர்றேன்" என்றார். சண்டை போடப் போனவள் அவருடைய வாடிக்கைக்காரியாகத் திரும்பினேன்.

ஊரில் எல்லாரும் அவரை மிஷினக்கா என்றார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை என்பதால் நானும் எழுதவில்லை.

அவருடைய கணவர் அதற்கு முன்னால் பண்ணை மில்லில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். பண்ணை என்றால் ஊரின் பெரிய மிராசுதார். நிலமும் அவருடையது, மில்லும் அவருடையது. பண்ணை மில்லில் தெற்குத் தெருவின் நெல் கடைசியாகத்தான் அரைபடும். தவிடும் திரும்பி வராது, மில்லே எடுத்துக்கொள்ளும். அது காலங்காலமாக இருந்த வழக்கம். மற்றவர்கள் அதை மழை, வெயில் மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மிஷினக்கா எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் வயல்களுக்கு மின்சாரம் வந்திருந்தது. மின் மோட்டார் போட்டவர்கள் பழைய டீசல் எஞ்சின்களைக் கொட்டகையில் தள்ளிவைத்திருந்தார்கள். நாற்று நடப் போன இடத்தில் அப்படி ஒன்றின் மேல் கோழி அடை காத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். நடவு முடிந்து எல்லாரும் கரையேறினார்கள். இவர் மட்டும் அந்த எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். ஆடுகளை விற்று, காதில் கிடந்ததையும் விற்று அதை வாங்கினார். கணவரிடம் வாங்கிய பிறகுதான் சொன்னார்.

"இவளுக்கு ஒரு யோசனை வந்தா எனக்குக் காய்ச்சல் வந்துரும் டீச்சர்" என்பார் கணவர். சாதுவான மனிதர். பண்ணை வேலையை விட்ட அன்று ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்று யோசித்ததாகச் சொல்வார்.

அரைக்க ஆரம்பித்த முதல் நாளே தவிட்டை அவரவர் கூடையில் கொட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார் மிஷினக்கா. "தவிட்டையும் குடுத்துட்டா நமக்கு என்னடி மிஞ்சும்?" என்று கணவர் கேட்டாராம்.

"கூட்டம்."

அந்த ஒரு வார்த்தைதான் பதில். மாடும் கோழியும் வைத்திருந்த பெண்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே எது சும்மா கிடந்தாலும் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். "இது ஏன் சும்மா கிடக்கு?" என்பார். உடைந்த ஏற்றமரம், தண்ணீர் வற்றிய குட்டை, தேர்தல் முடிந்து கழற்றிப் போட்ட மேடைப் பலகை, எதுவானாலும் சரி. ஒருமுறை சாவு வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். அழுதுகொண்டிருந்தவர்களோடு அவரும் அழுதார். உண்மையான அழுகைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுந்து வெளியே வரும்போது கொல்லையில் சாய்த்து வைத்திருந்த தகரங்களைப் பார்த்துவிட்டார். "டீச்சரம்மா, இதை இப்பக் கேட்டா தப்பா நினைப்பாங்களோ?" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு அறுவடைக்குப் பிறகு வாத்து வளர்த்தார். தாளடி வயலில் சிந்திக் கிடக்கிற நெல் சும்மா போகிறதே என்பதுதான் காரணம். வாத்துகள் நன்றாகத்தான் மேய்ந்தன. திடீரென்று ஏதோ நோய் வந்து ஒரே வாரத்தில் எல்லாம் செத்துப்போயின. வரப்போரம் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தபோது ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து, "வாத்துக்கு வைத்தியம் பார்க்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தரும் இல்லே, கவனிச்சீங்களா?" என்றார். பக்கத்தில் நின்ற கணவர் தன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகள். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்தாள். சாயங்காலம் என்னிடம் கணக்குப் போட வருவாள். "எங்கம்மா கண்ணுல படணும்னா நான் ரிப்பேர் ஆகணும் டீச்சர்" என்று ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது மிஷினக்கா மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அவள் எழுந்து நடமாட ஆரம்பித்த அன்றே மிஷினுக்கு பெல்ட் வாங்கத் திருவாரூருக்குப் போய்விட்டார்.

இந்த அம்மாள் எதற்காக இப்படி ஓடுகிறார் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பணத்தாசை என்றார் பண்ணைக் காரியஸ்தர். பண்ணையின் மேல் வஞ்சம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். "சின்ன வயசுலேருந்தே அதுக்கு யாருக்கும் கீழே இருக்கப் புடிக்காது" என்றார் அவருடைய அண்ணன். அவரையே கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார். பணத்தாசை இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பொங்கலுக்குக்கூடப் புதுச் சேலை எடுக்காமல் அந்தப் பணத்துக்கு சாக்கு வாங்குகிறவர் அவர்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் எங்கள் ஊர்த் தலைவர் அவர்தான். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேச மாட்டார். தெற்குத் தெருவில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஆட்சி மாறியிருந்த காலம் அது. டீக்கடைகளில் கொடி மாறியது, பேச்சு மாறியது. அறுவடைக் கூலிக்குச் சட்டம் வந்தது. குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைக்கும் என்றார்கள், அதுவும் கிடைத்தது. ஆனால் சட்டம் சொன்ன கூலியைக் களத்துமேட்டில் வாங்குவது வேறு சங்கதி. அந்த வருஷம் சம்பா அறுவடைக்கு முன்னால் தகராறு வந்தது. பண்ணை பழைய கூலிதான் என்றது. சங்கம் அரிவாளைக் கீழே வைத்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது, ஒருவரும் இறங்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட ஊர்களிலிருந்து பண்ணை லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கியது. காவலுக்குப் போலீஸ் வந்து பள்ளிக்கூட வாசலில் கூடாரம் அடித்தது.

தெற்குத் தெருவில் அடுப்பு எரிவது குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சுருண்டு படுத்துக்கொண்டார்கள். கூலி இல்லை, அதனால் நெல் இல்லை. நெல் இல்லாததால் மிஷினும் ஓடவில்லை. எந்தச் சத்தத்தை எதிர்த்து நான் சண்டைக்குப் போனேனோ அது நின்றுபோனபோது எனக்கு என்னவோ போல இருந்தது. மிஷினக்கா தினமும் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போவார். தன் வீட்டில் இருந்த அரிசியைக் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினார், தீரும்வரைக்கும்.

ஒரு மத்தியானம் வெளியூர்ப் பெண்கள் சிலர் கூலி நெல்லைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். பண்ணை மில்லில் மண்டிக்குப் போக வேண்டிய மூட்டைகள் ஓடிக்கொண்டிருந்ததால் இவர்கள் நெல்லை யாரும் தொடவில்லையாம். முன்னால் நின்றவளின் இடுப்பில் ஒரு குழந்தை. நான் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, அண்ணன் நாலைந்து பேரோடு வந்துவிட்டார்.

"தங்கச்சி, இந்த நெல்லை அரைக்காதே."

"ஏண்ணே?"

"தெரியாத மாதிரி கேக்காதே. இது நாம அறுக்க வேண்டிய நெல்லு. இவங்க எறங்கி அறுத்ததாலதான் நம்ம அடுப்புல பூனை தூங்குது."

இடுப்பில் குழந்தையோடு நின்றவள், "எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. வேலைன்னு சொல்லி லாரியில ஏத்தியாந்தாங்க. இங்கே வந்துதான் தகராறுன்னு தெரியும். திரும்பிப் போகவும் வுட மாட்டேங்குறாங்க" என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை துணிக்குள் கைவிட்டு நெல்லை அள்ளி வாயில் போட்டு மென்றது. உமி குத்தியிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு மறுபடியும் அள்ளியது.

"புள்ளை நெல்லைத் திங்குது பாருண்ணே" என்றார் மிஷினக்கா.

"நம்ம தெருப் புள்ளைங்களுக்கு அதுகூட இல்லே."

மிஷினக்கா கணவரைப் பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க."

அவர் மைத்துனரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அசையாமல் நின்றார்.

"ஒங்களைத்தாங்க. ஸ்டார்ட் பண்ணுங்க."

கணவர் குனிந்து கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "நீயும் முதலாளியாயிட்டே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எஞ்சின் சத்தத்தில் அது மிஷினக்கா காதில் விழுந்ததோ என்னவோ, என் காதில் விழுந்தது.

பத்து நாள் போல இழுத்து, அதிகாரிகள் முன்னிலையில் பேச்சு நடந்து, கூலி கூடியது. தெற்குத் தெரு வயலில் இறங்கியது. நெல் வந்தது. ஆனால் ஒரு கூடை நெல்கூட மிஷினக்காவிடம் வரவில்லை. கொட்டகையைத் தாண்டி நடந்துபோய்ப் பண்ணை மில்லில் கடைசியாக நின்றார்கள், தவிட்டையும் விட்டுவிட்டு வந்தார்கள். "தவிட்டைவிட மானம் பெருசு டீச்சர்" என்றாள் என்னிடம் படித்த பையனின் அம்மா.

ஒரு நாள் காலையில் கணவர் எஞ்சினைச் சுற்றியதும் உள்ளே நறநறவென்றது. நல்லவேளை, உடனே நிறுத்திவிட்டார். எண்ணெயில் யாரோ மணலைக் கொட்டியிருந்தார்கள். அத்தனை பாகத்தையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிஷினக்கா அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை.

அந்தச் செய்தி கேட்டுத்தான் காரியஸ்தர் வந்தார். வெள்ளை வேட்டியில் தூசி படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அய்யா சொல்லி அனுப்புனாங்க. பண்ணை மில்லுக்குள்ளேயே ஒரு ஓரமா ஒன் மிஷினைப் போட்டுக்க. கரண்டு எடுத்துக்க. எவன் மணலைப் போடுறான்னு பார்ப்போம்" என்றார்.

"அய்யா நல்ல மனசோட சொல்றாங்க. ஆனா அந்த வாசல்ல நிக்க வேண்டாம்னுதானே இதையே வாங்குனேன்" என்றார் மிஷினக்கா.

"அப்படியா? இந்தக் கொட்டகை நிக்கிற எடம் யாருதுன்னு தெரியும்ல?"

தெரியும். பண்ணை நிலம். குடியிருந்த மனைகளுக்குத்தான் பட்டா வந்திருந்தது, மிஷின் கொட்டகை குடியிருப்பு ஆகாது. அறுவடை முடிந்த கையோடு கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி ஆள் வந்தது. தெருக்காரர்கள் தத்தம் வாசலில் நின்று பார்த்தார்கள். உதவிக்கு வரவில்லை. கேலியும் செய்யவில்லை. அண்ணன் அன்று ஊரில் இல்லை.

கீற்றைப் பிரித்து அடுக்கிவிட்டு, வெட்டவெளியில் நின்ற மிஷினைப் பார்த்தபடி மிஷினக்கா வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுவாரோ என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன்.

"டீச்சரம்மா, டயர் மாட்டுவண்டி ஒண்ணு என்ன கனம் தாங்கும்?" என்று கேட்டார்.

கணவருக்கு அன்றைக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது.

மிஷின் வண்டியில் ஏறியது. ஓடும்போது அதிர்ந்து வண்டி சாய்ந்தது. நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். வாய்க்கால் கரைகளில், மில்லே இல்லாத சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்கு ஒவ்வொரு கிழமை ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தார். தலைச்சுமையாக நெல் தூக்கிக்கொண்டு நடந்த பெண்களுக்கு மில்லே வாசலில் வந்து நின்றது. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள், பிறகு நெல்லை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து லைசென்ஸ் கேட்டார். மனு எழுதித் தர என்னையும் கூட்டிக்கொண்டு போனார் மிஷினக்கா. தாசில்தார் படித்துப் பார்த்துவிட்டு, "மில் எந்த இடத்துல இருக்கு? சர்வே நம்பர் போடலியே" என்றார்.

"வண்டி நிக்கிற எடந்தாங்க."

"ஓடுற மில்லுக்கு லைசென்ஸ் கொடுக்க சட்டத்துல வழி இல்லேம்மா."

"இல்லேன்னு சட்டத்துல எழுதியிருக்குங்களா, இல்லே எழுதாம விட்டுட்டாங்களா?"

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ராத்திரி வண்டி நிற்பது மிஷினக்காவின் வீட்டு வாசல். அந்த மனைக்கு இப்போது பட்டா இருந்தது. மில் இருக்கிற இடம் அதுதான் என்று எழுதிக்கொண்டார்கள்.

மணலைப் போட்டது யார் என்று மிஷினக்காவுக்கு முதலிலிருந்தே தெரியும். தெருவில் வேலையில்லாமல் திரிந்த ஒரு வாலிபன். வண்டி ஓட்ட ஆள் தேவைப்பட்டபோது அவனையே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். நான் திகைத்துப்போய்க் கேட்டேன்.

"எஞ்சின்ல எத்தனை ஓட்டை இருக்கு. எதுல மணலைப் போட்டா நிக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அவன் மூளை சும்மாதானே கிடந்துச்சு?" என்றார். பிற்பாடு அந்த வண்டியை விலைக்கு வாங்கியதே அவன்தான்.

வண்டி தெற்குத் தெரு வழியாகத்தான் தினமும் வெளியே போகும், தினமும் திரும்பி வரும். தெருவில் ஒரு நாளும் அரைக்க நிற்காது. அவரும் நிறுத்தச் சொன்னதில்லை, தெருவும் கூப்பிட்டதில்லை. இரண்டு பக்கமும் பிடிவாதம்.

அடுத்த குறுவை அறுவடை முடிந்த சமயம். ஒரு காலையில் அண்ணன் மனைவி தலையில் நெல் மூட்டையோடு வீதி நடுவில் வந்து நின்றார். மாடு முட்டுகிற தூரத்தில் வண்டி நின்றது.

"எறக்குடி."

"அண்ணி, அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஒங்கண்ணன் சங்கத்துக்குத்தான் தலைவர். என் இடுப்பு வலிக்குத் தலைவர் இல்லே. பண்ணை மில்லு வரைக்கும் என்னால தூக்க முடியாது. எறக்குடிங்கிறேன்."

வண்டிக்கு முட்டுக் கொடுத்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டு ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நின்றது. பாதி அரைபட்டிருக்கும்போது அண்ணன் வந்தார். வகுப்பை விட்டுவிட்டு நானும் பிள்ளைகளும் வேலியோரம் நின்றிருந்தோம். அவர் மனைவியை ஒன்றும் சொல்லவில்லை. தங்கையிடம் போனார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். நின்றது.

"அன்னைக்கு நீ அரைச்சது அந்தப் புள்ளைக்காகத்தானே? என்னை மிஞ்சிக் காட்டணும்னு இல்லையே?"

"ஒன்னை எதுக்குண்ணே நான் மிஞ்சப் போறேன்?"

"நெல்லை மென்னுச்சே, அந்தப் புள்ளை ராத்திரியெல்லாம் என் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. நானும் நாலு புள்ளை பெத்தவன்தான். நீ செஞ்சது தப்பு. ஆனா எரக்கப்பட்டுச் செஞ்சே. அதோட விட்டுரலாம்."

குனிந்து தவிட்டுக் கூடையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அன்று சாயங்காலம்வரைக்கும் வண்டி தெற்குத் தெருவைவிட்டு நகரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கும்பகோணத்துக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஏற்றிக்கொண்டு போக அந்த வண்டியையே கொடுத்தார் மிஷினக்கா. மிஷினை இறக்கி வைத்துவிட்டு, பஸ் நிற்கிற இடம்வரைக்கும் கூடவே வந்தார். வண்டியை விற்றுவிடப்போவதாகச் சொன்னார். கிணற்றுக்கு சிமெண்டு உறை போடுகிற இடம் ஒன்றைத் திருத்துறைப்பூண்டியில் பார்த்துவிட்டு வந்திருந்தார். நன்றாக ஓடுகிறதை எதற்கு விற்க வேண்டும் என்றேன். "நல்லா ஓடுதுல்ல, அதான். இனிமே அதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, மனதில் இருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு அத்தனை பேர் எதிர்த்து நிற்கும்போது ஒரு குழந்தைக்காக எஞ்சினைப் போடச் சொன்னீர்களே, அதை நான் மறக்கமாட்டேன் என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க டீச்சரம்மா. புள்ளையைப் பார்த்தேன், பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா பாவம் பார்க்க வேற வழி இல்லாமலா? எங்க வூட்டு அண்டாவுல அன்னைக்குக் கடைசியா ஒரு வேளைக் கஞ்சி இருந்துச்சு. அதை அந்தப் புள்ளைக்கு ஊத்தி அனுப்பியிருக்கலாம். அண்ணன்கூட ஒண்ணும் சொல்லியிருக்காது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மிஷின் அத்தனை நாளு நின்னுக்கிட்டு இருந்துச்சு. நெல்லு வந்து நிக்குது. என்னால முடியலே. அவ்வளவுதான்."

பஸ் வந்துவிட்டது. மூட்டைகளை மேலே ஏற்றினார்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அது எரக்கத்தை நம்பித்தான் எங்கிட்டப் பேசுது."